பிறப்பிடம்: நயாகரா தீபகற்பம்

என் வலது கையில் ஒரு மரண அறிவித்தலின் அச்சுப்படி. இடது கையில் ஒரு வைன் போத்தல். இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்ததால்தான் இன்று நான் செய்யும் வேலைக்கு வந்து சேர்ந்தேன் என்று சொன்னால் அம்மா நம்பமாட்டார். ஆனால் நடந்தது அதுதான்.

பவான் அண்ணையின் அச்சகம் ஸ்காபரோவில், கென்னடி வீதிப் பிளாசா ஒன்றில், கொத்து ரொட்டிக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் அண்ணையிடம் எழுத்துப்பிழை பார்க்கும் வேலை. கல்யாணக் கார்ட், சாமத்திய வீட்டுப் பூப்புனித நீராட்டுக் கார்ட், அரங்கேற்ற மலர், மரண அறிவித்தல். ஒரு பக்கம் சூடான மையின் மணம், மறுபக்கம் சுவரைத் தாண்டி வரும் கொத்துத் தட்டின் சத்தம்.

மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க அண்ணை ஒரு வைன் போத்தலைப் பாரமாக வைத்திருந்தார். யாரோ வாடிக்கையாளர் நத்தார் பண்டிகைக்குக் கொடுத்தது. அண்ணை வைன் தொடமாட்டார். அடியிலிருந்த தாளை எடுக்கப் போத்தலைத் தூக்கினேன். முன்பக்கத்தில் நீல ஏரி, அதன்மேல் பெரிய மேப்பிள் இலை. பின்பக்கத்தில், கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற அளவில் ஒரு வரி: இறக்குமதி வைனும் உள்நாட்டு வைனும் கலந்து கனடாவில் தயாரித்தது.

மற்றக் கையிலிருந்த அச்சுப்படி எப்போதும் போலத் தொடங்கியது: ‘உரும்பிராயைப் பிறப்பிடமாகவும், கொக்குவிலை வாழ்விடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட...’

“அண்ணை, இந்த வைனுக்குப் பிறப்பிடம் இல்லை.”

“என்ன?”

“வதிவிடம் மட்டும்தான் கிடக்கு. எங்க பிறந்ததெண்டு போடேல்லை. அங்கையும் இஞ்சையும் வாங்கிக் கலந்திட்டு, முன்னால இலையை ஒட்டி விட்டிருக்கினம்.”

அண்ணை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பின்பக்கத்தை வாசித்தார். “செத்த மனிசனுக்கே மூண்டு ஊர் போடுறம். உதுக்கு ஒண்டும் இல்லையோ?”

அவர் போத்தலைத் திரும்பக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். எனக்கு வேலை ஓடவில்லை. அப்படியென்றால் பிறப்பிடம் உள்ள வைன் எங்கே இருக்கிறது? அதை எழுத யார் அனுமதிக்கிறார்கள்? பொய் எழுதினால் யார் பிடிப்பார்கள்?

ஊர்ப் பேரும் சண்டையும்

இந்தக் கேள்வி எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப்பட்டது என்று விளங்க, அதற்கு முந்திய குளிர்காலத்தில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லவேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு நினைவுமலர் அச்சடித்தோம். அப்பாவின் பிறப்பிடம் ‘உரும்பிராய் கிழக்கு’ என்று இங்கிருந்த தம்பி எழுதிக் கொடுத்தார். மலர் முழுவதும் அச்சாகி, மடித்து, பெட்டியில் அடுக்கிய பிறகு லண்டனிலிருந்து தமையன் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் கடை முழுக்கக் கேட்டது.

“கிழக்கெண்டு போட்டது ஆர்? எங்கட வீடு றோட்டுக்கு இந்தப் பக்கம். நாங்கள் தெற்கு!”

“அண்ணா, ஐயா பிறந்தது அவரின்ர அம்மம்மா வீட்டில. அது கிழக்கு.”

“நீ அப்ப பிறக்கவேயில்லை. உனக்கு என்னடா தெரியும்?”

பவான் அண்ணை பெட்டிகளைத் திறந்தார். ஒரு றோட்டின் அகலத்துக்காக நாங்கள் முதல் பக்கத்தை முழுவதும் திரும்ப அச்சடித்தோம். கடைசியில் போட்டது கிழக்கா தெற்கா என்று கேட்காதீர்கள். வெறும் உரும்பிராய்.

அன்றைக்கு அதைப் பகிடியாகத்தான் எடுத்தேன். போத்தலைக் கையில் பிடித்த பிறகுதான் அந்தத் தமையனின் பக்கம் சாய்ந்தேன். ஊர்ப் பேர் என்பது அலங்காரம் இல்லை. அது ஒரு உரிமைகோரல். கோருகிறவரிடம் ஆதாரம் இருக்கவேண்டும்.

எண்பத்தைந்து

பட்டம் முடிந்த கையோடு நயாகராவில் வைன் தயாரிப்புப் படிக்கப் போனேன். ‘லாப்பில வேலைக்குப் படிக்கிறாள்’ என்று அம்மா சொந்தக்காரருக்குச் சொன்னார். அது பொய்யும் இல்லை.

வகுப்பில் மற்றவர்கள் சுவைப்பதற்குக் காத்திருப்பார்கள். நான் லேபிள் பாடத்துக்குக் காத்திருப்பேன். ஒன்ராறியோவின் தர முத்திரை போத்தலில் வரவேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பழமும் ஒன்ராறியோவில் விளைந்திருக்கவேண்டும். அதற்குள் இன்னும் சின்ன வேலி ஒன்று: நயாகரா தீபகற்பம் என்று போட வேண்டுமானால் நூற்றுக்கு எண்பத்தைந்தாவது அங்கே விளைந்ததாக இருக்கவேண்டும். திராட்சை இனத்தின் பெயரைப் போட்டால் அந்த இனம் எண்பத்தைந்து. ஆண்டைப் போட்டால் அந்த ஆண்டின் அறுவடை எண்பத்தைந்து. ஒரே ஒரு தோட்டத்தின் பெயரைப் போட ஆசைப்பட்டாலோ, எண்பத்தைந்து போதாது. ஒவ்வொரு துளியும் அந்தத் தோட்டத்திலிருந்தே வரவேண்டும்.

இடம் எவ்வளவு சிறியதோ விதி அவ்வளவு இறுக்கம். லண்டன் தமையன் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பார்.

இதைவிட, கட்டாயம் எழுத வேண்டிய விபரங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கவேண்டும். வேறு மொழி சேர்க்கத் தடையில்லை. அந்தக் கடைசி வரியின் கீழ் நான் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு கோடு கீறி வைத்தேன்.

ஒரு பீப்பாய்

கரோல் என் முதலாளி. நயாகராவில் சிறிய திராட்சைத் தோட்டமும் அதோடு ஒட்டிய வைன் கூடமும் வைத்திருக்கிறார். கிழமை நாட்களில் நான் அவருடைய ஆய்வுகூடத்தில் அமிலமும் சர்க்கரையும் அளப்பேன். வெள்ளி பின்னேரம் ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் இருக்கும் எங்கள் அப்பார்ட்மெண்டுக்குக் கார் ஓட்டி வருவேன்.

சேர்ந்து இரண்டாவது அறுவடையில் அவரிடம் கேட்டேன்: ஒரு பீப்பாய் எனக்கு விடுவீர்களா? என் முறையில் செய்கிறேன், என் லேபிளில் வரட்டும்.

கரோல் யோசிக்க ஒரு நாள் எடுத்தார். பிறகு ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார். போத்தலில் அடைக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. அது ஒரு லொறியில் வரும், வருடத்தில் குறித்த நாளில். அந்த நாளுக்கு முன் தர முத்திரைக் காரியாலயத்திடமிருந்து என் லேபிளுக்கு அங்கீகாரம் கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் என் பீப்பாய் கூடத்தின் பொதுச் சிவப்பு வைனோடு கலந்துவிடும்.

கலந்துவிட்டால் கலந்ததுதான். பிரித்தெடுக்க வழியில்லை.

கபர்னே பிராங்க் என்னும் கறுப்புத் திராட்சை. நான்காவது பகுதி என்று கரோல் கூப்பிடும் மூலையிலிருந்து என் கையாலேயே பறித்தேன். பதினெட்டு மாதங்கள் அது பீப்பாயில் கிடந்தது. மரம் மூச்சு விடும். மாதாமாதம் கொஞ்சம் வற்றும். வற்றியதை நிரப்பாவிட்டால் காற்றுப் பட்டுப் புளித்துவிடும். பக்கத்துத் தோட்டக்காரரின் அதே இன வைனை வாங்கி நிரப்பினேன். மூடியைத் திறந்தால் பழுத்த நாவல் பழமும், அப்போதுதான் கீறிய கறிமிளகாயும் சேர்ந்த மணம் வரும். காரியாலயத்தின் சுவைக் குழுவில் முதல் தடவையிலேயே தேறியது.

லேபிள் மட்டும்தான் மிச்சம். அது எனக்குக் கைவந்த பாடம் என்று நினைத்தேன்.

தமிழ்ப் பக்கம்

லேபிளை அடிக்க நான் வேறு எங்கே போவேன்?

“பேர் என்ன வைக்கப்போறாய்?” என்றார் பவான் அண்ணை.

“யோசிக்கிறன், அண்ணை.”

“இதில யோசிக்க என்ன கிடக்கு? இந்த பிளாசாவில பார். மரக்கறிக் கடைக்கு ஊர்ப் பேர், நகைக் கடைக்கு ஊர்ப் பேர், பழைய மாணவர் சங்கத்துக்கும் ஊர்ப் பேர். கொப்பர் உரும்பிராய். போடு உரும்பிராய்!”

அப்பாவின் ஊர்ப் பேர் எனக்கு உடனே பிடித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம்கூட எனக்கு இடறவில்லை. ஆங்கிலப் பக்கத்தை நான்கு முறை சரிபார்த்தேன். பிரெஞ்சுப் பக்கத்தை ஒரு சிநேகிதிக்கு அனுப்பித் திருத்தினேன். எழுத்தின் உயரத்தை அளவுகோல் வைத்து அளந்தேன். நடுவில், கறுப்புத் தாளில் பொன் எழுத்தில், தமிழில் பெரிதாக ‘உரும்பிராய்’.

அப்பாவுக்குக் கைபேசியில் படம் அனுப்பினேன். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இடைவேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு அழைத்தார்.

“பிள்ளை, உண்மையாவோ?”

“ஓம் அப்பா.”

“எங்கட ஊரிலயும் முந்திரிகைத் தோட்டம் இருக்கு, தெரியும்தானே? அதையும் எங்கையாவது எழுதிவிடு. அவையளுக்கும் தெரியட்டும்.”

எங்கள் வீட்டில் திராட்சை என்ற சொல் கிடையாது. முந்திரிகைதான்.

லேபிளைக் காரியாலயத்துக்கு அனுப்பிப் பத்து நாளில் பதில் வந்தது. தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கில விளக்கம் தேவையாம். மகிழ்ச்சியோடு எழுதினேன்: இது இலங்கையின் வடக்கில் உள்ள ஒரு இடத்தின் பெயர், என் தந்தையின் ஊர், அங்கும் திராட்சை நன்றாக விளையும்.

அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனேன். கொதித்த தண்ணீர் கோப்பையில் விழும்போதுதான் நான் என்ன எழுதினேன் என்று எனக்கே கேட்டது.

திராட்சை விளையும் வேறொரு இடத்தின் பெயரை நயாகரா வைனின் முகத்தில் ஒட்டியிருக்கிறேன். ஆதாரத்தையும் நானே கடிதத்தில் கொடுத்திருக்கிறேன்.

மறுப்பு மூன்று வரியில் வந்தது. வாங்குபவர் விளைந்த இடத்தைப் பிழையாக விளங்கக்கூடும். மாற்றித் திரும்ப அனுப்பவும். லொறி வர இன்னும் மூன்று கிழமை.

மேப்பிள் இலையைப் பார்த்துப் பகிடி பண்ணிய ஆள் நான். ஆங்கிலத்தில் விதி இருக்கிறது, பிரெஞ்சில் விதி இருக்கிறது, தமிழில் எழுதினால் அது எங்களுக்குள்ளான கதை என்று என் தலைக்குள் ஏதோ ஒரு மூலை நம்பியிருக்கிறது. என்ன எழுத்தில் எழுதினாலும் ஊர்ப் பேர் ஊர்ப் பேர்தான்.

இனிய காற்று

“உது ஒரு பிரச்சினையே?” என்றார் பவான் அண்ணை. “நாங்கள் பிழையா மொழிபெயர்த்திட்டம் எண்டு எழுது. உரும்பிராய் எண்டால் தமிழில ‘இனிய காற்று’ எண்டு கருத்தாம் எண்டு போடு. அங்க ஆருக்குத் தமிழ் தெரியும்?”

“எனக்குத் தெரியும், அண்ணை.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “சரி, அது ஞாயம்” என்றார்.

வீட்டில் அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. அப்பா ஏற்கெனவே ஊர்ச் சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கோடை ஒன்றுகூடலில் மேசையில் வைக்க எத்தனை போத்தல் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எங்கட ஊரில முந்திரிகை விளையுமெண்டு அவையளுக்கு ஏன் சொன்னனி?”

“நீங்கள்தானே எழுதச் சொன்னனீங்கள்?”

“நான் லேபிளில எழுதச் சொன்னனான். கடிதத்திலயே சொன்னனான்?”

“அப்பா, லேபிளில எழுதியிருந்தால் இன்னும் மோசம்.”

“ஊர்ப் பேர் வைக்கிறது குற்றமோ? இந்த நாட்டில லண்டன் எண்டு ஒரு ஊர் இருக்கு. பாரிஸ் எண்டு ஒரு ஊர் இருக்கு. அவை ஆரிட்டைக் கேட்டு வச்சவை?”

அம்மா குசினிக்குள்ளிருந்து, “நான் அப்பவே சொன்னனான், லாப்பில வேலை எண்டு மட்டும் சொல்லுங்கோ எண்டு” என்றார்.

அப்பா அன்று என்னோடு சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் போனார். ரீவி போட்டிருக்கவில்லை.

எனக்கு இரண்டு வழி இருந்தது. ஏதாவது ஒரு பூவின் பெயரைப் போட்டுப் பீப்பாயைக் காப்பாற்றலாம். அல்லது அன்று அச்சகத்தில் கேட்ட கேள்விக்கு என் போத்தலாவது நேராகப் பதில் சொல்லவேண்டும். பூ எனக்கு வேண்டாம்.

கறுப்புக் கோடு வேண்டாம்

மறுநாள் அச்சகத்துக்குப் போய்ப் பழைய அறிவித்தல்களின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினேன்.

‘பிறப்பிடம்: நயாகரா தீபகற்பம்.’

அதன் கீழே இனம், ஆண்டு. அவ்வளவுதான். வேறு பெயரே இல்லை.

பவான் அண்ணை திரைக்குக் கிட்டக் குனிந்து வாசித்தார். “ஆரணி, குறை நினைக்காத. பாக்கிற சனம் ஆரோ செத்துப்போச்சினம் எண்டு நினைக்கப்போகுது.”

“நினைக்கட்டும். கிட்ட வந்து வாசிப்பினம்தானே?”

“கரையில கறுப்புக் கோடு மட்டும் போட்டிடாத. பிறகு மலர்வளையத்தோட வருவினம்.”

கறுப்புத் தாளை வெள்ளையாக மாற்றினோம். பொன் எழுத்தைத் திராட்சைத் தோலின் நிறத்துக்கு மாற்றினோம். இந்த முறை விளக்கக் கடிதம் ஒரே வரி: தமிழில் எழுதியிருப்பது ஆங்கிலத்தில் எழுதியிருப்பதே.

அதன் பிறகு காத்திருந்தேன். முதல் கிழமை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் கிழமை கரோல் பொதுச் சிவப்பு வைனின் தாங்கியில் கொஞ்சம் இடம் விடச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை; செய்யவேண்டிய ஒழுங்கு அது. அந்த வெற்றிடத்தின் அளவை நானே கரும்பலகையில் எழுதினேன். எழுதும்போது சோக்கட்டி உடைந்தது.

லொறி வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது அங்கீகாரம் வந்தது. கரோல் கரும்பலகையில் நான் எழுதியதைக் கைமுட்டியால் அழித்தார்.

மரத்தடியில்

போத்தலடைக்கும் நாள் அப்பாவும் வருவதாகச் சொன்னார். காரில் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். லொறிக்குள் ஓடும் பட்டியில் போத்தல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. முதலாவதை எடுத்து அவரிடம் கொடுத்தேன். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரின் குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

“நயாகரா தீபகற்பத்தைப் பிறப்பிடமாகவும்... வதிவிடம் போடேல்லையோ?”

“அதை வாங்கிற ஆக்கள் முடிவு செய்யட்டும், அப்பா.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது.

மத்தியானம் அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலை நான்காவது பகுதியின் ஓரத்தில் வைத்துச் சாப்பிட்டோம். அங்கே ஒரு கிழட்டு அப்பிள் மரம் நிற்கிறது. முன்பு இந்த நிலம் பழத்தோட்டமாக இருந்ததில் மிஞ்சியது. பாதி பட்டுப்போய்விட்டது. மற்றப் பாதி இந்த வைகாசியில் வெள்ளையாகப் பூத்து, சோற்றின்மேல் இதழ் கொட்டிக்கொண்டிருந்தது.

ஊர்ச் சங்கத்துக்காரர் ஒருவர் அப்பாவை அழைத்தார். “ஓமோம், இஞ்சதான். அடைச்சு முடியுது. நான் அப்பிளடியில இருந்து சாப்பிடுறன்.”

என் கை பாதி வழியில் நின்றது.

“அப்பா, இப்ப என்ன சொன்னீங்கள்?”

“சாப்பிடுறன் எண்டு.”

“அதுக்கு முன்னம்.”

“அப்பிளடி. மரத்தடி. ஏன், பிழையே? எங்கட உறுதிப் பத்திரங்களில எல்லாக் காணிக்கும் பேர் கிடக்கு. ஆலடி, புளியடி எண்டு. உங்கட ஆக்கள்தான் நாலாம் நம்பர் எண்டு மாட்டுக்குப் போடுறமாதிரிப் போட்டு வச்சிருக்கினம்.”

உரும்பிராயைத் தூக்கிவந்து இங்கே ஒட்ட முடியாது. ஆனால் உரும்பிராயில் காணிக்குப் பேர் வைக்கிற முறையில் இந்தக் காணிக்குப் பேர் வைக்க எந்த விதியும் தடுக்கவில்லை. இந்தப் பேர் வேறெங்கும் இருந்து வரவில்லை. மரம் இதோ நிற்கிறது.

சோற்றுக் கையோடு ஓடினேன். கரோல் முழுவதையும் கேட்டார். தோட்டப் பெயர் வேண்டுமென்றால் அவர் பதிவுசெய்யவேண்டும். ஒவ்வொரு துளியும் அந்த மூலையிலிருந்தே வரவேண்டும். வற்றுவதை நிரப்பக்கூடப் பக்கத்துத் தோட்டத்திடம் போகக்கூடாது. இந்த இலையுதிர்காலத்தில் அறுக்கும்போதே தனியாக ஒரு கண்ணாடிச் சாடியில் நிரப்புவதற்கென்று எடுத்துவைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். ‘அப்பிளடி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். அப்பிள் மரத்தின் அடி என்றேன். யன்னலால் எட்டிப் பார்த்தார்.

“அந்த மரம் இரண்டு குளிர்காலம் தாங்காதே. விழுந்த பிறகு உன் லேபிள் பொய் சொல்லுமே?”

திரும்பி வந்து அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். மரத்தை ஒருமுறை சுற்றி நடந்தார். பட்ட பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு குதிக்காலால் மண்ணில் ஒரு அடையாளம் போட்டார், வேரிலிருந்து இரு கை விரித்த நீளத்தில் நாலு பாகம் தள்ளி, வெயில் விழும் பக்கமாக.

“கரோலிட்டைக் கேள், இதில குழி கிண்டலாமோ எண்டு.”

கிண்டலாமாம். வரும் சனிக்கிழமை அப்பாவுக்கு லீவு. காலமை வெள்ளனவே போய் அப்பிள் கன்று ஒன்று வாங்குகிறோம். மண்வெட்டியை அவர் இன்றைக்கே என் காரில் ஏற்றிவிட்டார்.